குதிரையைக் கொடுத்தால் கணினி என்ன செய்யும்?

1955-ல் அமெரிக்காவின் லிங்கன் நகரில் நடந்த ஜூனியர் செஸ் சாம்பியன்ஷிப்பில், 12 வயதுச் சிறுவன் ஒருவன் லாட்வியன் கேம்பிட்டுக்கு எதிராக ஆடித் தோற்றான். அந்தச் சிறுவன் பாபி ஃபிஷர். எதிரே கருப்புக் காய்களுடன் உட்கார்ந்திருந்தவர் லாட்வியாவில் பிறந்த விக்டர்ஸ் புபோல்ஸ். 23 ஆண்டுகள் கழித்து, 1978-ல், டொரொண்டோவில் ஸ்காட்லாந்துக்காக ஆடிய இன்டர்நேஷனல் மாஸ்டர் டேவிட் லெவி அதே கேம்பிட்டை ஒரு கணினிக்கு எதிராக ஆடினார். இம்முறை தோற்றது கேம்பிட் ஆடியவர்.

பிற்கால உலகச் சாம்பியனை வீழ்த்திய ஓப்பனிங், இன்றைய கைபேசிச் செயலிகளுக்கு முன்னால் நிற்கவே முடியாத ஒரு பழைய நிரலிடம் எடுபடவில்லை. ஃபிஷருக்கு அப்போது 12 வயதுதான் என்று சொல்லி இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அது போதவில்லை. தொடக்கத்திலேயே காயைக் கொடுத்து ஈடு தேடும் கேம்பிட் என்ற தந்திரத்துக்குள் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று பலகையின் மேல் கிடைக்கும் ஈடு: திறந்த வரிசைகள், வேகமாக வெளிவரும் காய்கள், கோட்டை கட்ட முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்ட எதிராளியின் ராஜா. இன்னொன்று எதிராளியின் மண்டைக்குள் நடப்பது: திகைப்பு, பயம், ஓடும் கடிகாரம், கிடைத்ததை விட மனமில்லாத ஆசை. மனிதனோடு ஆடும்போது இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கணினியோடு ஆடினால் இரண்டாவது சரக்கு முழுதாகக் கழிந்துபோகும். மிஞ்சுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

லாட்வியன் கேம்பிட் இரண்டே நகர்த்தலில் அமைந்துவிடுகிறது. வெள்ளை இ4, கருப்பு இ5. வெள்ளை குதிரையை எஃப்3-ல் வைக்கிறது. கருப்பு எஃப்5 என்று சிப்பாயை நீட்டுகிறது. தன் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் கதவைத் தானே திறந்துவிடும் நகர்த்தல் இது. 17-ம் நூற்றாண்டு இத்தாலிய ஆட்டக்காரர் கிரேக்கோவின் காலத்திலேயே தெரிந்ததுதான். ரீகாவைச் சேர்ந்த கார்லிஸ் பேட்டின்ஷ் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்ததால் லாட்வியாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைச் சரியான ஓப்பனிங் என்று ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் தயாராக வராதவருக்கு இது பெரிய தொல்லை.

லெவி இதைக் கையில் எடுத்த சூழ்நிலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1968-ல், செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியான ஜான் மெக்கார்த்தியிடம் அவர் ஒரு பந்தயம் கட்டினார்: பத்தாண்டுகளுக்குள் எந்தக் கணினியும் செஸ் தொடர் ஒன்றில் தன்னை வெல்லாது என்று. டொனால்டு மிச்சி உள்ளிட்ட வேறு சிலரும் எதிர்ப்பக்கம் சேர, பந்தயத் தொகை 1,250 பவுண்டுக்கு ஏறியது. கெடு முடியும் நேரத்தில் அவர் எதிரே வந்து நின்றது செஸ் 4.7. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்லேட்டும் லாரி அட்கினும் எழுதிய அந்த நிரல், சைபர் 176 என்ற பெருங்கணினியில் ஓடியது. முதல் ஆட்டத்தில் லெவி தோல்வியின் விளிம்புவரை போய் டிரா செய்தார். அடுத்த இரண்டையும் வென்றார். புள்ளிக் கணக்கு 2.5–0.5. கையில் இவ்வளவு இருந்ததால் நான்காவது ஆட்டத்தில் ஒரு பரிசோதனைக்கு இடம் கிடைத்தது. அதுவரை அவர் கையாண்ட வழி, அவசரப்படாமல், மோதலைத் தவிர்த்து, கணினி தானாகத் தடுமாறும்வரை காத்திருப்பது. நான்காவது ஆட்டத்தில் அதைக் கைவிட்டு, கணினியின் சொந்தக் களமான வெட்டுக்குத்து ஆட்டத்திலேயே அதை மடக்கப் பார்த்தார். எஃப்5 தள்ளினார்.

நடந்ததைப் பலகையில் வைத்துப் பார்த்தால் கேம்பிட்காரர்களின் மனம் நோகும். கணினி எஃப்5 சிப்பாயைச் சும்மா வெட்டியது. லெவி இ4-க்குத் தள்ளிக் குதிரையை விரட்டினார். அது இ5-க்குப் போய், அங்கிருந்து ஜி4-க்கு வந்து, லெவியின் எஃப்6 குதிரையோடு தன்னை மாற்றிக்கொண்டது. அடுத்து வெள்ளை ராணி ஹெச்5-ல் வந்து செக் சொன்னது. லெவி தன் ராணியை எஃப்7-ல் வைத்து மறைத்தார். 8-வது நகர்த்தலில் இரண்டு ராணிகளும் பலகையை விட்டு இறங்கின. தாக்குதலுக்காகச் சிப்பாயைக் கொடுத்தவரிடம் இப்போது தாக்க ராணி இல்லை. கொடுத்த சிப்பாய் மட்டும் கணக்கில் நிற்கிறது. ராணியில்லாத நீண்ட ஆட்டத்தில் கணினி வென்றது. போட்டி விதிகளின்படி ஒரு இன்டர்நேஷனல் மாஸ்டரைக் கணினி தோற்கடித்தது அதுவே முதல் முறை. ஐந்தாவது ஆட்டத்தில் லெவி பழைய பொறுமைக்குத் திரும்பி வென்றார். தொடர் 3.5–1.5 என முடிந்தது, பந்தயமும் அவர் பக்கம் வந்தது.

இதில் விளக்கம் தேவைப்படும் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கணினிகளைப் பற்றி எல்லோரும் சொன்ன முதல் குறை, அவை காய்களின் மேல் பேராசை கொண்டவை என்பது. கணினி செஸ் பற்றிக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-ல் வாசித்து, 1950-ல் அச்சான கட்டுரையிலேயே அதற்கான விதை இருக்கிறது. ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று மதிப்பெண் போட்டார். தனித்துப்போன, இரட்டையான, பின்தங்கிய சிப்பாய்க்கு அரைப் புள்ளி கழிவு. காய்கள் போகக்கூடிய ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 0.1 கூடுதல். அதாவது, ஒரு குதிரையைக் கொடுத்தவர் அதை ஈடுகட்ட 30 கூடுதல் நகர்த்தல்களுக்கு வழி வைத்திருக்க வேண்டும். இப்படி எண்ணும் இயந்திரத்திடம் ஒரு காயை நீட்டினால் நிச்சயம் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது குறையை ஹான்ஸ் பெர்லினர் 1973-ல் தொடுவான விளைவு என்று பெயரிட்டு விளக்கினார். அஞ்சல்வழி செஸ்ஸில் உலகச் சாம்பியனாக இருந்து கணினித் துறைக்கு வந்தவர் அவர். குறிப்பிட்ட ஆழம்வரை மட்டும் தேடும் நிரல், அந்த எல்லைக்கு அப்பால் வரும் ஆபத்தைப் பார்ப்பதில்லை. தவிர்க்க முடியாத இழப்பை இடையில் வெட்டி நகர்த்தல்களைச் செருகித் தள்ளிப்போட்டுவிட்டு, இழப்பே இல்லை என்று கணக்கெழுதிக்கொள்கிறது.

ஆசையும் கிட்டப்பார்வையும் சேர்ந்த எதிராளி என்றால், தூண்டிலில் இரை மாட்டுபவருக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் லெவிக்கு அது பலிக்கவில்லை. பெரும்பாலான ஓப்பனிங் கேம்பிட்டுகளின் பலன் சீக்கிரம் கைக்கு வர வேண்டியது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த ஐந்தாறு நகர்த்தலுக்குள் செக், இரட்டைத் தாக்குதல், ராஜா வேட்டை என்று வெடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எதிராளி மூச்சு வாங்கிக்கொள்வார். அந்த ஐந்தாறு நகர்த்தல் கணினியின் பார்வைக்குள்ளேயே விழுகிறது. மனிதன் தடுமாறுவது அந்த நெருக்கடியில்தான். கணினிக்கு மிகத் துல்லியமாகத் தெரிவதும் அதே நெருக்கடிதான். பேராசைக்காக விரித்த வலையைக் கணினி கணக்கால் அறுத்துவிடுகிறது.

அப்படியானால் கணினிக்கு எதிராகப் பலித்த பலி எது? 2008-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா, அன்று முன்னணியில் இருந்த ரிப்கா என்ற நிரலோடு இணையத்தில் மூன்று நிமிட ஆட்டம் ஒன்று ஆடினார். கருப்புக் காய்களுடன், சிப்பாய்ச் சுவர்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்து, யானைகளைக் கொடுத்துச் சிறு காய்களை வாங்கினார். பூட்டிய பலகையில் யானைக்கு ஓட வழியில்லை. ஆனால் ரிப்காவின் கணக்கில் அது 5 புள்ளிக் காய்தான். எனவே தான் முன்னிலையில் இருப்பதாகவே எண்ணி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. சிப்பாய் நகராமல், எந்தக் காயும் வெட்டப்படாமல் 50 நகர்த்தல் ஆனால் டிரா என்ற விதி நெருங்கியபோது, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை டிரா ஆக்க மனமில்லாத நிரல், சுவரைத் தானே உடைத்தது. ஆட்டம் 271 நகர்த்தல் நீடித்து நகமுராவின் வெற்றியில் முடிந்தது. இங்கேயும் காய்ப்பலிதான் வேலை செய்தது. ஆனால் அதன் பலன் 5 நகர்த்தலில் அல்ல, மிக நீண்ட காத்திருப்புக்குப் பிறகு வந்தது. கணினியைப் பிடித்த பலி, அதன் தொடுவானத்துக்கு அப்பால் காலூன்றிய பலி. கேம்பிட் புத்தகங்களில் நாம் கொண்டாடும் துடிப்பான ஆட்டங்களோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

துடிப்பான வகையில் எல்லாவற்றையும் விடத் துணிச்சலானது ஹாலோவீன் கேம்பிட். அதைக் கணினி எப்படிக் கையாள்கிறது என்று ஒருமுறை நெருங்கிப் பார்ப்பது நல்லது. இரு பக்கமும் இரண்டிரண்டு குதிரைகளை வெளியே கொண்டுவந்து, ஆட்டம் அமைதியாக நிற்கிறது. நான்காவது நகர்த்தலில் வெள்ளை தன் எஃப்3 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறது. கருப்புக் குதிரை அதைத் திரும்ப வெட்டுகிறது. ஒரு சிப்பாய்க்காக முழுக் குதிரை போயிற்று. அடுத்து டி4 என்று வெள்ளை தள்ளி இ5 குதிரையை மிரட்டுகிறது. அது ஜி6-க்கு ஓடினால், இ5 என்று தள்ளி எஃப்6 குதிரையையும் விரட்டலாம். அது போக நல்ல இடம் இல்லாமல் புறப்பட்ட கட்டத்துக்கே, ஜி8-க்கே திரும்புகிறது. வெள்ளையின் இரண்டு சிப்பாய்கள் நடுவில் தோள் சேர்த்து நிற்கின்றன. கருப்பின் முகாமில் ஜி6 குதிரை ஒன்றைத் தவிர எதுவும் வெளியே இல்லை. ஒரு காய் கூடுதலாக இருந்தும் மூச்சுத் திணறும் நிலை. விரைவு ஆட்டங்களில் இங்கே எத்தனையோ பேர் சரிந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே காரணம்: வாங்கிய குதிரையைக் கடைசிவரை காப்பாற்ற நினைப்பது.

கணினி அப்படி நினைப்பதில்லை. ஜி8-க்குக் குதிரை திரும்பிய பின், வெள்ளை மந்திரியை சி4-ல் வைத்து எஃப்7-ஐக் குறிவைத்தால், அது டி5 என்று ஒரு சிப்பாயை நீட்டுகிறது. மந்திரி அதை வெட்டியதும் சி6 என்று இன்னொரு சிப்பாயால் மந்திரியை விரட்டுகிறது. ஒரு சிப்பாயைத் திருப்பிக் கொடுத்து, தன் காய்கள் வெளிவர வழி திறந்துகொள்கிறது. இன்னொரு வழி இதைவிடக் கூர்மையானது. மிரட்டப்பட்ட குதிரையை ஜி6-க்கு அனுப்பாமல் சி6-க்கே திருப்புகிறது. வெள்ளை டி5 என்று மறுபடி மிரட்டும்போது அந்தக் குதிரையை நகர்த்தாமல் மந்திரியை பி4-ல் கொண்டுபோய் வைக்கிறது. வெள்ளை குதிரையை வெட்டிக்கொள்ளட்டும். பதிலுக்குக் கருப்பின் மற்றக் குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது. எண்ணிப் பாருங்கள்: இரு பக்கமும் ஒரு குதிரை, ஒரு சிப்பாய் இழந்திருக்கின்றன. சரிசமம். ஆனால் இப்போது முனைப்போடு தாக்குவது கருப்பு.

எந்த இயந்திரத்தைப் பேராசை பிடித்தது என்றோமோ, அது நம்மைவிட எளிதாகக் கையிலிருப்பதை விடுகிறது. நேற்று வாங்கியது, கஷ்டப்பட்டுக் காத்தது என்ற பந்தம் அதற்கு இல்லை. ஒவ்வொரு நகர்த்தலிலும் பலகையைப் புதிதாகப் பார்க்கிறது. கேம்பிட் ஆடும் எவருக்கும் கணினியோடு ஆடுவதால் கிடைக்கும் மிகப் பெரிய பாடம் இது என்பேன். நம் கேம்பிட்டின் வெற்றிகளில் எத்தனை, எதிராளி காயைத் திருப்பிக் கொடுக்க மறந்ததால் மட்டும் வந்தவை என்று அது பட்டவர்த்தனமாகக் காட்டிவிடும்.

கணினி காய்ப்பலி கொடுக்காது என்ற நம்பிக்கைக்கு மனிதன் கொடுத்த மிகப் பெரிய விலை 1997 மே 11-ல் நியூயார்க்கில் பதிவானது. டீப் புளூ என்ற கணினிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், அன்றைய உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவ் காரோ-கான் என்ற ஓப்பனிங்கை ஆடினார். 7-வது நகர்த்தலில் ஹெச்6 என்று தள்ளினார். இந்த இடத்தில் குதிரையை இ6-ல் பலியிட்டால் வெள்ளைக்கு நீண்ட, கடுமையான தாக்குதல் உண்டு என்பது தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். உடனடி லாபம் எதுவும் கண்ணில் படாத பலி என்பதால் கணினி அதைத் தொடாது என்று காஸ்பரோவ் எதிர்பார்த்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். டீப் புளூ குதிரையைப் பலியிட்டது. காஸ்பரோவ் 19-வது நகர்த்தலோடு ஆட்டத்தை விட்டார், தொடர் 3.5–2.5 என்று போயிற்று. நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய அந்த இயந்திரம் அந்தப் பலியை அலசிக் கண்டுபிடிக்கவில்லை. அது இயந்திரத்தின் ஓப்பனிங் புத்தகத்தில் மனிதர்கள் எழுதி வைத்த நகர்த்தல். ஒரு வகையில் அன்று மனிதர் கையாலான கேம்பிட்டிடம்தான் காஸ்பரோவ் தோற்றார். அதே தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் அவர் டி3 என்ற விசித்திரமான முதல் நகர்த்தலோடு, கணினியைப் புத்தகத்துக்கு வெளியே இழுத்துப் பார்த்தார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அந்த ஆட்டம் டிரா ஆனது. ஓப்பனிங் புத்தகத்தை விட்டு வெளியேற்றுவது வேறு, நிலையில் ஈடு பெறுவது வேறு. வழக்கத்துக்கு மாறான கேம்பிட் முதலாவதைச் சுலபமாகச் செய்துவிடும். இரண்டாவதற்கு அது உத்தரவாதம் தராது.

நேரத்தின் பங்கும் பெரியது. நம் விஸ்வநாதன் ஆனந்த் 1998-ல் இத்தாலியின் இஸ்கியா தீவில் ரெபெல் 10 என்ற நிரலோடு ஆடி 5–3 என்று தோற்றார். அந்தக் கணக்கைப் பிரித்தால், ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கில் நிரலுக்கு 3, அவருக்கு 1. சற்று நீண்ட இரண்டு ஆட்டங்களில் நிரலுக்கு 1.5, முழு நேர ஆட்டங்கள் இரண்டில் மட்டும் ஆனந்துக்கு 1.5. கடிகாரம் சுருங்கச் சுருங்கக் கணினியின் கை ஓங்கியது. மனிதர்களுக்குள் கேம்பிட்டின் செல்வாக்கு இதற்கு நேர் எதிர்: நேரம் குறையக் குறைய அது கூடும். விரைவு ஆட்டத்தில் கேம்பிட் ஆடிப் பழகியவர் அதே வேகத்தில் கணினியிடம் போனால், தன் ஆயுதம் தன் பக்கமே திரும்புவதைப் பார்ப்பார்.

கணினியின் தீர்ப்பு என்றால் அப்படியே நம்பும் மனநிலை நம்மிடம் எவ்வளவு ஊறிவிட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2012 ஏப்ரல் தொடக்கத்தில், ரிப்காவை எழுதிய வாசிக் ராய்லிக் கிங்ஸ் கேம்பிட்டை முழுவதும் தீர்த்துவிட்டார், வெள்ளைக்கு மூன்றாவது நகர்த்தலில் மந்திரியை இ2-ல் வைப்பது ஒன்றே டிரா தரும் என்று செய்தி வந்தது. பலர் நம்பினார்கள். அது முட்டாள்கள் தின விளையாட்டு. கிங்ஸ் கேம்பிட்டின் எல்லாக் கிளைகளையும் முடிவுவரை அலசும் சக்தி எந்தக் கணினிக்கும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

காய்களுக்கு மதிப்பெண் எழுதிக்கொடுக்கும் வழக்கமே 2017-க்குப் பிறகு மாறத் தொடங்கியது. விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு தனக்குத்தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாஜீரோ என்ற நிரல், ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற இன்னொரு நிரலுடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28-ஐ வென்றது. மீதி 72 டிரா. ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் அது பார்த்தது. அதனால் ஒரு சிப்பாயை, சில வேளை ஒரு குதிரையையே, இருபது நகர்த்தலுக்குப் பிறகு வரும் நெருக்கடிக்காகக் கொடுக்க அது தயங்கவில்லை. 2020-ல் ஸ்டாக்ஃபிஷ்ஷும் நரம்பியல் வலையமைப்பை மதிப்பீட்டுக்குச் சேர்த்துக்கொண்டது. ஆசை, கிட்டப்பார்வை என்று லெவி காலத்தில் எழுதிய குறைகள் இரண்டுமே பழங்கதை ஆயின. ஆனால் லாட்வியனுக்கும் ஹாலோவீனுக்கும் இதனால் மீட்சி கிடைக்கவில்லை. நீண்டகால ஈட்டை மதிக்கத் தெரிந்த இயந்திரமும் அவற்றில் போதிய ஈடு இல்லை என்றே சொல்கிறது.

வீட்டில் செயலியோடு ஆடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் அங்கே எதிர்கொள்வது முழுப் பலமுள்ள நிரல் அல்ல. பலம் குறைத்த ஒன்று. ஸ்டாக்ஃபிஷ்ஷின் திறன் அளவைக் குறைத்தால், அது நல்ல நகர்த்தல்களைக் கண்டுபிடித்துவிட்டு, இடையிடையே வேண்டுமென்றே மட்டமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பத்து நகர்த்தல் அப்பழுக்கின்றி ஆடிவிட்டு, பதினோராவதில் காரணமே இல்லாமல் ஒரு யானையைத் தொலைக்கும். அதனிடம் ஹாலோவீன் பலித்தால் அது கேம்பிட்டின் பெருமை ஆகாது. மனிதனின் தவறு இப்படிச் சிதறி விழுவதில்லை. அவன் பயந்த இடத்தில், ஆசைப்பட்ட இடத்தில், பழக்கம் இழுத்த இடத்தில் விழுகிறது. அந்தத் தவறுகளைக் கற்றுக்கொண்ட நிரலும் இருக்கிறது. 2020-ல் வெளிவந்த மாயா, லிச்செஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து, 1100 முதல் 1900 வரையிலான தரவரிசைகளில் ஒரு மனிதன் எந்த நகர்த்தலைச் செய்வான் என்று கணிக்கப் பழகியது. பாதிக்குச் சற்று மேல் சரியாகக் கணிக்கிறது. ஹாலோவீனை முழுப் பலமுள்ள ஸ்டாக்ஃபிஷ்ஷிடம் ஒருமுறையும், 1500 அளவு மாயாவிடம் ஒருமுறையும் ஆடிப் பார்ப்பவர், நான் முதலில் சொன்ன இரண்டு சரக்குகளையும் தனித்தனியாக எடைபோட்டு விடலாம். கேம்பிட் பயில்பவருக்கு இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தோன்றவில்லை.

அண்மைக் காலத்தில் இந்த விவகாரம் தலைகீழாகவும் நடக்கிறது. லீலா என்ற நரம்பியல் நிரலை, தொடக்கத்திலேயே ஒரு குதிரை இல்லாமல் ஆடுவதற்கென்று தனியாகப் பழக்கியிருக்கிறார்கள். விரைவு ஆட்டங்களில் அது கிராண்ட்மாஸ்டர்களையும் தோற்கடித்திருக்கிறது. சாதாரண நிரலைக் குதிரை இல்லாமல் உட்காரவைத்தால், எதிராளியும் தன்னைப்போல் குறையின்றி ஆடுவார் என்று நினைத்துக்கொள்ளும். எல்லா வழியும் தோல்விதான் என்று கண்டு, காய்களை மாற்றிக்கொள்ளச் சம்மதித்து, மெல்லச் சாகும். இந்த லீலா எதிராளி தன்னைவிடப் பலவீனமானவர் என்று வைத்துக்கொண்டு ஆடுகிறது. காய் மாற்றத்தைத் தவிர்க்கிறது, ராணியைப் பலகையில் நிறுத்திவைக்கிறது, சிப்பாய்களைப் பூட்டாமல் விட்டு, ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு கடினமான கேள்வியைக் கேட்டு, எதிரே இருப்பவரின் கடிகாரத்தைக் கரைக்கிறது. 1955-ல் லிங்கன் நகரில் புபோல்ஸ் ஃபிஷரிடம் செய்ததும் இதுவே.